பறப்பவர்களின் எடை

அன்புள்ள ஐயா,

ஈப்போவில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன வாரம்தான் 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' என்ற சீன வாள்சண்டைப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அதில் நடித்த மிஷெல் யோ எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதால் ஒரு பாசம். கடைசியில் அழுதுவிட்டேன். கூட உட்கார்ந்திருந்த அக்கா மகன், "எல்லாம் கயிறு கட்டித் தூக்கினது சின்னம்மா, இதுக்குப் போயா?" என்று சிரித்தான். பிறகு பொறுமையில்லாமல் தன் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி முடித்துவிட்டு, "பொம்மை மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் அலுவலகத்தில் சீனத் தோழிகள் வேறு மாதிரிச் சிரித்தார்கள். அது வெள்ளைக்காரர்களுக்காக எடுத்த படமாம், அதில் யாருக்கும் ஒழுங்காக மாண்டரின் பேச வரவில்லையாம். ஒருத்தி தூக்க மாத்திரை என்கிறாள், இன்னொருத்தி காவியம் என்கிறாள். ஒரே படத்துக்கு ஏன் இத்தனை அபிப்பிராயம்? யார் சொல்வது சரி? இதன் இரண்டாம் பாகத்தையும் பார்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

யார் சொல்வது சரி என்பதை ஓரமாக வைப்போம். உங்கள் அக்கா மகன் 'கயிறு' என்றானே, அந்தச் சொல்லுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது.

நீங்கள் அழுததற்கு யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கணக்கு அலுவலகத்தில் காட்டுவது போதும். தூக்க மாத்திரை என்ற தோழியிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் சண்டை தொடங்கவே கால் மணி நேரம் ஆகிறது, அதுவரை பேச்சுதான். தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். பிடிக்காதவருக்குப் பிடிக்காது. நான்கு ஆஸ்கர் வாங்கிய படம் என்று பதிலுக்கு நீட்டவும் வேண்டாம். ஆஸ்கர் கொடுத்தவர்களுக்கும் மாண்டரின் தெரியாது.

உச்சரிப்பு பற்றி உங்கள் தோழிகள் சொல்வது உண்மை. முக்கியமான நான்கு பேருக்கும் நான்கு வாய். சௌ யுன் ஃபாட் ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசி வளர்ந்தவர். சாங் சென் தைவான்காரர். ஜாங் ஸியி பெய்ஜிங். உங்கள் ஊர்க்காரர் வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஹாங்காங் படங்களில் 1990கள் வரை பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது, பிறகு யாராவது சுத்தமாகக் குரல் கொடுத்துவிடுவார்கள். இயக்குநர் ஆங் லீ அப்படிச் செய்யாமல் நடிகர்களின் சொந்தக் குரலையே வைத்துக்கொண்டார். கதாநாயகி 'ழ'வைக் கொலை செய்தால் நமக்கு எப்படிக் குத்தும்? அவர்களுக்குக் குத்தியது அதேதான். சப்டைட்டில் படிக்கிற உங்களுக்கு அது கேட்கவே கேட்காது.

அதற்குப் பதிலாக உங்களுக்கு வேறொன்று போய்விட்டது. சப்டைட்டிலில் ஜாங் ஸியி நடித்த பெண்ணுக்கு 'ஜென்' என்று பெயர், அவள் காதலனுக்கு 'லோ'. மூலத்தில் அவள் யூ ஜியாவ்லோங், அவன் லுவோ ஷியாவ்ஹு. 'லோங்' என்றால் டிராகன், 'ஹு' என்றால் புலி. தலைப்பில் இருக்கும் புலியும் டிராகனும் அவர்கள் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் தோழிகளுக்கு இது முதல் தடவையிலேயே காதில் விழுந்திருக்கும். அவர்கள் காதால் பார்த்த படமும் நீங்கள் கண்ணால் படித்த படமும் வேறு வேறு. இதில் யார் யாரைத் திருத்துவது?

வெள்ளைக்காரர்களுக்காகப் பறந்தார்கள் என்ற பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1928இல் ஷாங்காயில் 'சிவந்த தாமரைக் கோயில் எரிப்பு' என்று ஒரு படம் வந்தது. அதன் தொடர்ச்சிகள் 1931 வரை, மொத்தம் 18 பாகங்கள். அதிலேயே ஆட்கள் கம்பியில் பறந்தார்கள், வாள்கள் தாமாகவே பறந்து மோதின. மூடநம்பிக்கை வளர்க்கிறது என்று அரசாங்கம் தடை போடுகிற அளவுக்குக் கூட்டம். ஆங் லீயின் படம் வந்தது 2000இல். அந்தக் கதையும் 1940களில் வாங் துலு சீன மொழியில் தொடராக எழுதியதுதான்.

இனி கயிறு.

சீனத் திரைத்துறையில் இதற்கு 'வெய்யா' என்று பெயர். 'வயர்' என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. நம் ஸ்டன்ட் ஆட்கள் 'ரோப்' என்பார்கள். உடைக்கு உள்ளே இடுப்பையும் தொடைகளையும் இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கச்சை ஒன்று, ஹார்னஸ். அதில் கம்பியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் உடல் அச்சாணியில் மாட்டிய சக்கரம் போல முன்னும் பின்னும் சுழலும். குட்டிக்கரணத்துக்கு அது. முதுகில் ஒரே இடத்தில் மாட்டினால் குப்புறப் பறக்கலாம், ஆனால் கொஞ்சம் அசந்தால் உடல் தானாகத் திரும்பத் தொடங்கிவிடும். கம்பி மேலே கிரேனில் உள்ள கப்பியைத் தாண்டி மறுபக்கம் கீழே வரும். அங்கே ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கெட்டுப்போவது அந்த ஆட்களின் கையில்தான். நடிகர் தரையை உந்துவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் இழுத்தால் பொம்மையைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது போலிருக்கும். பாதத்தில் உந்தலே இருக்காது, விரல் நுனி தரையில் இழுபடும். ஒரு கண்ணிமைப்பு பின்னால் இழுத்தால் அவர் குதித்து, விழ ஆரம்பித்து, பிறகு வெடுக்கென்று மேலே போவார். சரியாக அமைந்தால் முழங்கால் மடங்கும், குதிகால் எழும்பும், கடைசியாகப் பெருவிரல் தரையை விடும், அந்த நொடியில் கம்பி எடையை வாங்கிக்கொள்ளும். இறங்கும்போதும் அப்படித்தான். முழங்கால் மடங்காமல் இரண்டு பாதமும் ஒன்றாக வந்து தரையில் ஒட்டினால் அது மோசமான ரோப். அடுத்த முறை முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள், பத்தே நிமிடத்தில் நீங்களே தரம் பிரித்துவிடுவீர்கள்.

இன்னொரு சிக்கல், இடுப்பில் தூக்கிய உடல் தலைப்பக்கமும் கால்பக்கமும் தொங்கும். கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி. தொங்காமலிருக்க வயிற்றையும் முதுகையும் பலகையாக இறுக்க வேண்டும், ஆனால் முகத்திலும் விரல்களிலும் இறுக்கம் தெரியக்கூடாது. மிஷெல் யோ பாலே படித்தவர். ஜாங் ஸியி பெய்ஜிங்கில் நடனப் பள்ளி மாணவி. இருவரும் நடனக்காரர்கள் என்பதால்தான் கம்பியில் அவர்கள் உடலுக்குக் கோடு நிற்கிறது. வெறும் பலசாலியை மாட்டிப் பாருங்கள், மூட்டை மாதிரி வருவார்.

கணினியில் கம்பியை அழிக்க முடியாத காலத்தில் மெல்லிய கம்பிதான். அதைக் கறுப்படித்து, இரவிலும் புகையிலும் ஒளித்து, ஷாட்டைச் சட்டென்று வெட்டிவிடுவார்கள். இயக்குநர் கிங் ஹு 1971இல் தைவானில் முடித்த 'எ டச் ஆஃப் ஸென்' படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையைப் பாருங்கள். மறைத்து வைத்த துள்ளுபலகையில் ஏறிக் குதிப்பதும் படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோலும்தான் அங்கே பறத்தல். ஆள் மேலே போவதன் ஒரு கீற்று, இறங்குவதன் ஒரு கீற்று, நடுவில் உள்ளதை நம் கண்ணே இட்டுக்கொள்ளும். ஆங் லீ அதே மூங்கில் காட்டை எடுத்துக்கொண்டு நேரெதிராகப் போனார். செஜியாங் மாகாணத்தின் ஆன்ஜியில் உண்மையான மூங்கில்களுக்கு நடுவே, பகலில், கிரேனில் நடிகர்களைத் தொங்கவிட்டு, முழு உடலையும் நிதானமாகக் காட்டினார். கம்பியைப் பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்பதால் தடித்த கம்பி போட முடிந்தது, நீண்ட ஷாட் எடுக்க முடிந்தது. ஒளிய இடமும் இல்லாமல் போயிற்று. மூங்கில் வளைவதும் ஆள் தாழ்வதும் ஒன்றாக நடக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சௌ யுன் ஃபாட் கிளையில் அசையாமல் நின்று காலால் அதை லேசாக ஆட்டுகிறாரே, எதிரே அந்தப் பெண் தடுமாறுகிறாளே, அங்கே சண்டை போடுவது வாள் இல்லை, எடை.

இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன். வூஷியா எனப்படும் சீன வாள்வீரர் கதைகளில் 'சிங்கோங்' என்று ஒரு வித்தை உண்டு, உடலை இலேசாக்கும் பயிற்சி. சிறகு முளைப்பதல்ல அது. ஓட்டு விளிம்போ, சுவரோ, மூங்கில் நுனியோ, தண்ணீரோ, காலை வைத்து உந்த ஏதாவது ஒன்று வேண்டும். வாளின் மேல் ஏறி நின்றுகொண்டு மேகத்தில் போவது ஷியன்ஷியா என்கிற வேறு வகைக் கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'லாஜிக் இல்லை' என்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

முதல் சண்டையை மறுபடி போட்டுப் பாருங்கள். வாளைத் திருடிய பெண் முகத்தை மூடிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுகிறாள், சுவரில் ஏறப் பார்க்கிறாள். மிஷெல் யோ என்ன செய்கிறார்? அவளை அடிப்பதைவிடத் தரையில் நிறுத்தத்தான் பாடுபடுகிறார். எழும்பும் பாதத்தை மிதிக்கிறார், பிடித்துக் கீழே இழுக்கிறார். ஒருத்திக்கு எந்தக் கட்டும் வேண்டாம், இன்னொருத்தி கடமை, மானம், செத்துப்போன நிச்சயதார்த்தம் என்று கட்டுண்டு கிடக்கிறவள். வசனமே இல்லாமல், இசையமைப்பாளர் டான் டுன்னின் தாள வாத்தியங்களோடு, முழுக் கதையும் அங்கேயே சொல்லியாயிற்று.

பயிற்சிக்கூடச் சண்டை அதைவிடப் பெரிது. எதிரியிடம் எதையும் வெட்டும் வாள். மிஷெல் யோ இரட்டைக் கத்தியை எடுக்கிறார், போகிறது. ஈட்டி, அதுவும் போகிறது. கொக்கி வாள்கள். பிறகு ஒரு பெரிய ஆயுதத்தைத் தூக்கப் பார்க்கிறார், தூக்க முடியவில்லை. கனம் தாங்காமல் அது அவரையே கீழே இழுத்துவிடுகிறது. ஆட்கள் பறக்கிற படத்தில், கதாநாயகியால் ஓர் ஆயுதத்தைத் தூக்க முடியாமல் போகிறது! சண்டை அமைத்த யூன் வோ பிங் இதைச் சிரிப்புக்காக மட்டும் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த உலகத்தில் பொருளுக்கு எடை உண்டு என்று அந்த ஒரு நொடியில் நம்ப வைத்துவிடுகிறார். அதன் பிறகுதான் பறத்தல் செல்லுபடியாகிறது. இந்தப் படத்துக்காகச் சண்டை போடும்போதுதான் மிஷெல் யோவின் முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தார். உங்கள் அக்கா மகனிடம் இதையும் சொல்லுங்கள். கயிறு தூக்கும், முழங்காலைக் காப்பாற்றாது.

அவனை நான் திட்டத்தான் போகிறேன், மனம் வருந்தாதீர்கள். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படத்தை ஒன்றரை மடங்கில் 36 பிரேமாக ஓட்டினால் என்ன ஆகும்? ஹாங்காங் ஸ்டன்ட் மாஸ்டர்கள் சண்டையில் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டுமென்றால் 22 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவார்கள். சுமார் 9 சதவீத வேகம், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் உடல் எடை இழந்து கோழி கொத்துவது போலாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இவன் 50 சதவீதம் ஏற்றிவிட்டு 'பொம்மை மாதிரி இருக்கு' என்கிறான். பொம்மையாக்கியது யார்? சாம்பாரில் மூன்று பங்கு உப்பைக் கொட்டிவிட்டுச் சமைத்தவரைக் குறை சொல்கிற கதை.

உங்கள் டிவியையும் ஒருமுறை பாருங்கள். பட அமைப்புகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. 24 பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேம்களைத் தானே வரைந்து நுழைக்கும் வேலை அது. கம்பியில் போகிற உடலுக்கு அதைப்போல விஷம் வேறில்லை, எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பாதீர்கள், அகலத்தில் கால் பங்கு போய்விடும். கூரைச் சண்டையில் எங்கிருந்து எங்கே தாவுகிறார்கள் என்பதே அந்தக் கால் பங்கில்தான் இருக்கிறது.

இரண்டாம் பாகம் 2016இல் வந்தது. யூன் வோ பிங்கே இயக்கினார், மிஷெல் யோவும் உண்டு. எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதால் உங்கள் தோழிகளின் உச்சரிப்புப் புகாருக்கு அதில் இடமில்லை. அதை வேண்டுமானால் அக்கா மகன் ஒன்றரை மடங்கில் பார்க்கட்டும், நான் கேட்கப் போவதில்லை.