சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர் அவசர உதவியை எப்படி அழைப்பது?

இங்கே வந்து இரண்டு வாரங்களே ஆகின்றன என்றும், ஊரில் 108ஐ அழைத்துத்தான் பழக்கம் என்றும், சிங்கப்பூரில் யாருக்காவது திடீரென்று உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் யாரை, எப்படி அழைப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வந்த இரண்டாவது வாரத்திலேயே இதைக் கேட்கத் தோன்றியது நல்லது. எனக்கு மூன்று மாதங்கள் கழித்துத்தான் தோன்றியது, அதுவும் ஒருவர் மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்தபோது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995 என்ற ஒரே எண்தான். இரண்டையும் குடிமைத் தற்காப்புப் படை கவனிக்கிறது. காவல்துறைக்கு 999. கால் சுளுக்கு, இரண்டு நாள் காய்ச்சல் போன்று உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் வண்டி மட்டும் வேண்டுமென்றால் 1777ஐ அழைக்க வேண்டும். அதில் வருவது தனியார் ஆம்புலன்ஸ், அதற்குக் கட்டணம் உண்டு. வாய் திறந்து பேசினால் ஆபத்து என்ற நிலையில், உதாரணமாக வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டால், 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் காவல்துறையை வரவழைக்கலாம்.

இவற்றை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அழைத்த பிறகு, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதுதான் புதிதாக வந்தவர்கள் திணறுகிறோம். நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி அட்டையில் வந்த புதிதில், நண்பர்கள் நால்வருடன் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஓர் இரவு இரண்டு மணி அளவில், எங்களுடன் தங்கியிருந்த மன்னார்குடி அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. நான் 995ஐ அழைத்தேன். உடனே எடுத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்ட பெண்ணிடம் “ஜூரோங் வெஸ்ட் ஸ்ட்ரீட் 42” என்றேன். புளோக் எண், அதாவது கட்டடத்தின் எண், என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதங்களாகப் பேருந்திலிருந்து இறங்கி, காப்பிக்கடையைத் தாண்டி, இடதுபுறம் திரும்பிக் கால் போன பழக்கத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் நான். ஒரே தெருவின் பெயரில் எத்தனையோ அடுக்குமாடிகள் நிற்கின்றன என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. வெளியே ஓடி வந்து பார்த்தேன். புளோக் எண்ணைப் பக்கவாட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பார்கள்; ஆனால் கட்டடத்துக்குள் நிற்பவன் கண்ணில் எதிர்க் கட்டடத்தின் எண்தான் படும், தன் கட்டடத்தின் எண் படாது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து, என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி, புளோக், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஆம்புலன்ஸ் வந்தது, அண்ணன் பிழைத்தார். நான் தடுமாறிய அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஆகவே முதல் வேலையாக, தங்கியிருக்கும் இடத்தின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஓர் அஞ்சல் குறியீடு பல கிராமங்களுக்குப் பொதுவாக இருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு என்பதால், அதைச் சொன்னாலே எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும். வீவக வீடுகளில் பல இடங்களில் அதன் கடைசி மூன்று இலக்கங்கள் புளோக் எண்ணாகவே இருப்பதால் நினைவில் வைப்பதும் எளிது. அதன் பிறகு மாடியையும் வீட்டு எண்ணையும் சொல்ல வேண்டும். விடுதியில் தங்கியிருந்தால் விடுதியின் பெயர், புளோக், அறை எண்.

வெளியே இருக்கும்போது என்ன செய்வது என்பது நியாயமான அடுத்த கேள்வி. பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, பலகையில் எழுதியிருக்கும். சாலையோர விளக்குக் கம்பங்களிலும் எண் இருக்கும். சாலையின் பெயரோடு அந்த எண்ணைச் சொன்னால் இடம் துல்லியமாகிவிடும். விரைவுச்சாலையில் என்றால், எந்தத் திசையில் போகும் பக்கம், கடைசியாகக் கடந்த வெளிவழியின் எண் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுமானத் தளத்தில் கட்டடம் இன்னும் எழும்பாததால் முகவரி தெளிவாக இருக்காது. எந்தச் சாலை, எத்தனையாவது வாயில் என்று சொல்லி, ஓர் ஆளை அந்த வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். அடுக்குமாடியிலும் ஒருவர் கீழே போய், மின்தூக்கியைத் தயாராகப் பிடித்து வைத்திருந்து, வருபவர்களை மேலே அழைத்து வருவது பெரிய உதவி.

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். எடுப்பவர் பொதுவாக ஆங்கிலத்தில்தான் கேட்பார், ஆனால் அவருக்கு வேண்டியது இலக்கணம் இல்லை. முதலில் இடம், அடுத்து என்ன நடந்தது, அடுத்து ஆள் நினைவோடு இருக்கிறாரா, மூச்சு விடுகிறாரா. இந்த வரிசையில் ஒற்றைச் சொற்களாகச் சொன்னாலும் போதும். “செஸ்ட் பெயின்” (நெஞ்சு வலி), “நாட் பிரீதிங்” (மூச்சில்லை), “பிளீடிங்” (ரத்தம் கொட்டுகிறது), “ஃபெல் ஃப்ரம் ஹைட்” (உயரத்திலிருந்து விழுந்தார்) என்பன போன்ற ஏழெட்டுச் சொற்களை இப்போதே வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள். விழுந்தவருக்கு மூச்சில்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை எப்படி அழுத்துவது என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி பல வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மின்தூக்கி அருகே பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்து இயக்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே குரலில் சொல்லும். உங்கள் புளோக்கில் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்த் தொழிலாளர்கள் அழைக்கத் தயங்குவதற்கு மொழியைவிடப் பெரிய காரணம் பணமும் முதலாளியும்தான். உண்மையான அவசர நிலைக்கு 995 ஆம்புலன்சுக்குக் கட்டணம் கிடையாது. அவசரமே இல்லாத ஒன்றுக்கு அழைத்தால்தான் கட்டணம் கேட்பார்கள். எந்த மருத்துவமனை என்பதை ஆம்புலன்சில் வருபவர்கள் நோயின் தன்மையையும் தூரத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள், அதில் வாதாட வேண்டாம். வேலை அனுமதியிலும் எஸ் பாஸிலும் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதற்காக அவர் எடுத்து வைக்க வேண்டிய காப்பீடு, 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இதெல்லாம் தெரியாமல், நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், சாரத்திலிருந்து விழுந்தவரைக் கம்பெனி லாரி வரும்வரை நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்காமல் அழைத்தால் வேலை போய்விடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். 995ஐ அழைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலில் அழையுங்கள், மேற்பார்வையாளரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தீ என்றால் மின்தூக்கியைத் தொடாதீர்கள். அறையில் ஆள் இல்லை என்று உறுதியானதும் கதவைச் சாத்திவிட்டுப் படி வழியே இறங்கி, வெளியே வந்த பிறகு 995ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அறிந்த பலர் இதற்கு மிரண்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 அன்று மாலை 6.20க்கு ஊர் முழுவதும் அபாயச் சங்கு ஒலிக்கும். 1942இல் அதே நாளில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவுகூர ஒலிக்கப்படுவது அது, ஓட வேண்டியதில்லை.

அண்ணன் ஊருக்குத் திரும்பிய பிறகு, எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டினோம். மேலே 995, அதன் கீழே புளோக், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, அதன் கீழே அந்த ஏழெட்டு ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில். எங்கள் வீட்டுக்குப் புதிதாகத் தங்க வருபவர் பெட்டியை இறக்கி வைத்ததும், அந்தத் தாளை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். உங்கள் அறையிலும் இன்று இரவே ஒன்றை ஒட்டிவிடுங்கள்.