கஞ்சி இறங்குகிறது, மரச்சீனி நிற்கிறது: என்ன செய்வது?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு 67 வயது. இரண்டு மாதமாக மரச்சீனிக்கிழங்கும் புட்டும் நெஞ்சில் அடைத்து நிற்கிறது என்கிறார். கஞ்சியும் டீயும் சுகமாக இறங்குகின்றன. கஞ்சியாகவே கொடுத்தால் போதுமா? பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்த மாமாவுக்குத் தண்ணீரையே கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார்களாம். எது சரி?

பதில்: கஞ்சி மட்டும் போதாது. அப்பாவுக்கு உடனே எண்டோஸ்கோபி (கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால், அது தன் எடையிலேயே ஓரிரு நொடியில் இரைப்பையின் வாசலுக்குப் போய்விடும். மரச்சீனி அப்படிப் போகாது. ஒட்டிக்கொள்ளும் அந்த உருண்டையைக் குழாயின் தசை பின்னாலிருந்து இறுக்கி இறுக்கித் தள்ள வேண்டும். அந்த இறுக்கம் ஓர் அலைபோல நொடிக்கு 3, 4 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். உணவு கெட்டியாக ஆக அலை இன்னும் மெதுவாகும், தசை கொடுக்கும் அழுத்தம் கூடும்.

நல்ல குழாய்க்கு இது ஒரு சுமையே இல்லை. உள்வழி 13 மி.மீ. அளவுக்குக் கீழே சுருங்கிவிட்டால் கிழங்கு, புட்டு, இறைச்சி நிற்கத் தொடங்கும்; கஞ்சி மட்டும் வழுக்கிப் போய்விடும். தண்ணீரும் சோறும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து நின்றால் தசை இயக்கத்தில் கோளாறு என்று சந்தேகிப்போம். அப்பாவுக்குக் கெட்டியானது மட்டும் நிற்பதால் குழாய் சுருங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். நாள்பட்ட அமில எதுக்களிப்பின் தழும்பாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த வயதில், அதுவும் புகையிலைப் பழக்கமோ எடைக் குறைவோ இருந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். கஞ்சிக்கு மாறியதும் அடைப்பு தெரியாமல் போவதுதான் ஆபத்து. கஞ்சியும் இறங்காத நாளில் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது தாங்காது.

பக்கத்து வீட்டு மாமாவின் சிக்கல் வேறு இடத்தில், தொண்டையில். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் ஓடிவிடுவதால் புரையேறுகிறது. கெட்டியாக்கினால் அது நிதானமாக வரும். அதே யோசனையை அப்பாவுக்குச் செய்தால் அடைப்புதான் கூடும்.

இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எண்டோஸ்கோபி வசதியுள்ள வேறு இடத்துக்கோ கூட்டிப்போங்கள். அதுவரை கஞ்சியில் வெந்த பயறை மசித்து, பால், மோர், முள் நீக்கி நன்றாக அரைத்த மீன் என்று சத்து குறையாமல் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்காதீர்கள். சிலவற்றைப் பொடிக்கவே கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். நின்றுபோன உணவை ஏத்தன்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்துத் தள்ளவும் வேண்டாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருந்தால், ராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.