பம்பைத் தொடும் முன்: இதய அறுவை ஐசியூ மருந்துகள், கேள்வி-பதில்

இதய அறுவை ஐசியூவுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்கள் கேட்டவற்றில் அடிக்கடி வருகிற சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டோஸ் என்று வந்தால் டாக்டரின் ஆர்டரும் உங்கள் யூனிட் புரோட்டோகாலும்தான் முடிவு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிபி இறங்குகிறது. நானே எவ்வளவு வரை கூட்டலாம்?

ஆர்டரில் எழுதியிருக்கிற எல்லை வரை. ஆனால் கூட்டுகிற அதே நேரத்தில் பிபி ஏன் இறங்கியது என்றும் பார்த்தாக வேண்டும், நான் இதில் பிடிவாதமாக இருப்பேன். நார்அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் பிபியைத் தூக்குகிறது. உள்ளே ரத்தமே போதவில்லை என்றால் அது எண்ணை மட்டும்தான் தூக்கும். முதலில் மார்புக் குழாயை, அதாவது அறுவைக்குப் பின் மார்பில் கசியும் ரத்தத்தை வெளியே எடுக்கும் குழாயை, பாருங்கள். மணிக்கு நூறு மில்லிக்கு மேல் வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றுபோய், சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறி, பிபி இறங்கி, சிறுநீரும் குறைந்தால், கசிவு நின்றுவிட்டது என்று நிம்மதியடையாதீர்கள். குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை அழுத்திக்கொண்டிருக்கலாம், டாம்பனேட் என்பது இதுதான். இந்த நிலையில் மருந்து ஏற்றும் பம்பைக் கூட்டக் கூட்ட மானிட்டரில் பிபி சரியாகத் தெரியும், நோயாளியோ மோசமாகிக்கொண்டே போவார். ஒரு மணி நேரத்துக்குள் டோஸ் (மைக்ரோகிராம் / கிலோ / நிமிடம்) 0.05-லிருந்து 0.2-க்கு ஏறிவிட்டது என்றால் பிபி எண் எதுவாக இருந்தாலும் சரி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மைக்ரோகிராம் / கிலோ / நிமிடம் என்று ஆர்டர் வருகிறது, பம்போ மில்லி / மணி கேட்கிறது. குழம்பிவிடுகிறேன்.

ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் இருந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ, ஆர்டர் 0.1. அப்படியானால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 360-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. இதே ஆர்டருக்கு சிரிஞ்சில் 8 மில்லிகிராம் இருந்தால் 2.25 மில்லிதான், அதனால்தான் ஹேண்ட்ஓவரில் "நார்அட் 4.5-ல் ஓடுது" என்று மட்டும் சொல்வது ஆபத்து. சிரிஞ்சில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், லேபிளை இருவருமாகப் படியுங்கள்.

டோபுடமின், மில்ரினோன் இரண்டுமே இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டத்தானே? என்ன வித்தியாசம்?

நர்ஸுக்கு முக்கியமான வித்தியாசம் நேரம். டோபுடமினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 2 நிமிடம், குறைத்தால் உடனே தெரிந்துவிடும். மில்ரினோனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், அது வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். கிரியாட்டினின் ஏறியிருப்பவரிடம், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவரிடம், இன்னும் நெடுநேரம் உடலில் தங்கும். ஆகவே மில்ரினோனை நிறுத்திய அரை மணியில் நோயாளி நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அடுத்த ஷிஃப்டில்தான் உண்மை தெரியும். இது ரத்தக் குழாய்களைத் தளர்த்தவும் செய்யும், பிபி இறங்கும், அதைத் தாங்கத்தான் பலருக்கும் நார்அட்ரினலினும் கூடவே ஓடுகிறது.

கைக் கேனுலாவில் (கைச் சிரையில் போட்ட சிறு குழாயில்) நார்அட்ரினலின் ஓடும்போது அந்த இடம் வெளுத்துச் சில்லிட்டுப் போனால்?

மருந்து சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகிறது. உடனே வேறு லைனுக்கு மாற்றுங்கள், மாற்றாமல் நிறுத்தினால் பிபி விழுந்துவிடும். பழைய கேனுலாவை ஃப்ளஷ் செய்யக் கூடாது, அவசரப்பட்டு உருவவும் கூடாது. முதலில் அதன் வழியாக உறிஞ்சி எடுக்கிற அளவு எடுத்துவிட்டு டாக்டரிடம் ஃபென்டோலமின் பற்றிக் கேளுங்கள், சுருங்கிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மருந்து அது. 5 முதல் 10 மில்லிகிராமை 10 மில்லி சலைனில் கலந்து அந்த இடத்தைச் சுற்றிப் போடுவது வழக்கம், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு தோல் பிழைக்கும்.

இரண்டாம் நாள் திடீரென்று ஏஎஃப் (இதய மேலறைகளின் தாறுமாறான துடிப்பு) வந்துவிட்டது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் ஆர்டர். எதைக் கவனிக்க?

இரண்டாம், மூன்றாம் நாள்தான் அது அதிகம் வரும் காலம். பொட்டாசியம், மெக்னீசியம் ரிப்போர்ட்டை முதலில் பாருங்கள். வழக்கமான ஆர்டர் 150 மில்லிகிராம் 10 நிமிடத்தில், பிறகு 6 மணி நேரம் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம், அப்புறம் 0.5. டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் அல்ல. வேகமாகப் போனால் பிபி சரியும். சின்னச் சிரையில் ஓடினால் சிரை வீங்கிச் சிவக்கும், சென்ட்ரல் லைன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பொட்டாசியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்கு மேலேயே வைத்திருப்பது பல யூனிட்களின் பழக்கம். பைபாஸ் முடிந்தவர்களிடம் நடந்து 2024-ல் வெளியான டைட்-கே ஆய்வில், 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுத்தவர்களுக்கும் ஏஎஃப் அதிகமாக வரவில்லை. எந்த அளவை வைத்துக்கொண்டாலும் பொட்டாசியம் குளோரைடை சிரிஞ்சில் புஷ் செய்வது என்பதே கிடையாது, எப்போதும் கலந்து, பம்பில், மானிட்டரைப் பார்த்தபடிதான்.

தியேட்டரிலேயே புரோட்டமின் கொடுத்துவிட்டார்களே, ஐசியூவில் ஏன் மறுபடி கசிகிறது?

காரணங்கள் பல, அவற்றில் ஒன்று ஹெபாரின் மீண்டும் தலைதூக்குவது. ஹெபாரின் ரத்தம் உறையாமல் தடுப்பது, புரோட்டமின் அதை முறிப்பது. புரோட்டமின் சீக்கிரம் தீர்ந்துவிடும், திசுக்களிலும் புரதத்திலும் ஒட்டிக்கொண்டிருந்த ஹெபாரின் சில மணி நேரம் கழித்து ரத்தத்துக்குத் திரும்பும். ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் புரோட்டமின் ஆர்டர் வரலாம். மெதுவாகக் கொடுங்கள், கொடுத்து முடிக்கும்வரை கட்டில் பக்கத்திலேயே நில்லுங்கள். பிபி சட்டென்று விழலாம், அலர்ஜியும் வரலாம்.

டெக்ஸ்மெடடோமிடின் (அமைதிப்படுத்தும் மருந்து) ஓடும்போது மூச்சு ட்யூபை எடுக்கலாமா?

எடுக்கலாம், மூச்சை அது பெரிதாக அடக்காது. நாடித் துடிப்பும் பிபியும் குறையும், அதை மட்டும் விடாமல் பாருங்கள். இன்னொரு மயக்க மருந்தான ப்ரோபோஃபால் அப்படியல்ல, ட்யூபை எடுக்கும் முன் அதை நிறுத்தியாக வேண்டும்.