சேம்பிலைக்குத் தெரிந்த வித்தை ஏற்காட்டுச் சுவருக்கு உதவுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் வருஷா வருஷம் பாசி பிடித்துக் கருத்துப்போகிறது. தாமரை இலை மாதிரி அழுக்கே ஒட்டாத பெயிண்ட் வந்திருக்கிறது, மழை பெய்தால் தானாகவே கழுவிக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். விலைதான் தலைசுற்றுகிறது. வாங்கலாமா?
– வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் வடக்குச் சுவருக்குப் பொருந்தாது.

கொல்லையில் சேம்பு இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தண்ணீர் குண்டு குண்டாக உருண்டு, வழியில் கிடக்கும் தூசியையும் சுருட்டிக்கொண்டு கீழே விழும். இலை வழவழவென்று இருப்பதால்தான் இப்படி என்று நினைப்போம், விஷயம் நேர்மாறு. தாமரையிலும் சேம்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகுத் துணுக்குகள். துளி அந்த நுனிகளில் மட்டும் உட்காருகிறது, அடியில் காற்றுதான். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், சக ஆய்வாளர் நெய்ன்ஹூயிஸுடன் சேர்ந்து 1997-ல் இதை விளக்கி எழுதினார், 1999-ல் பெயிண்ட்டும் கடைக்கு வந்துவிட்டது.

சரி, ஏற்காட்டில் என்ன சிக்கல்? பனிமூட்டம்தான். மழைத்துளி மேலிருந்து விழுந்தால் உருளும். ஆனால் ஈரக்காற்று சுவரிலேயே குளிர்ந்து நீரானால், அந்த நீர் மேடுகளுக்கு நடுவிலேயே பிறந்து அங்கேயே தங்கிவிடும். தாமரை இலையே இதில் தோற்றுப்போகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, செடி தேய்ந்த மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும், பெயிண்ட் எங்கே போகும்?

டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு என்று இன்னொன்றையும் காட்டுவார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது அழுக்கைச் சிதைக்கும், தண்ணீரையும் உருட்டாமல் படலமாகப் பரப்பி வழித்துவிடும். நல்ல சரக்குதான். ஆனால் நம் பக்கம் வடக்குச் சுவரில் நேர் வெயில் நன்றாக விழுவதே சித்திரையிலிருந்து ஆடி வரைதான், அதிலும் ஆனி ஆடியில் மலைமேல் மேகம்.

அந்தக் காசில் சன்ஷேடைச் சரிபாருங்கள். அடிவிளிம்பில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளம்) இல்லையென்றால் தண்ணீர் சொட்டாமல் சுவரோடு வழியும், கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். சுவரை உரசி நிற்கும் சில்வர் ஓக் கிளைகளைக் கழித்துக் காற்று விடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் பாசியைத் தேய்த்துக் கழுவி (அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்), பங்குனி வறட்சியில் நன்றாகக் காயவிட்டு, பாசித் தடுப்பு சேர்ந்த பெயிண்ட் அடித்தால் போதும். தாத்தா காலத்துச் சுண்ணாம்பும் மோசமில்லை, அதன் காரத்தில் பாசி லேசில் பிடிக்காது.

கேள்வி: அப்படியானால் சேலத்தில், மாமாங்கம் பக்கம்?
– வாசகர் ஒருவர்

பதில்: உங்களுக்குப் பாசியைவிட மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லின் தூசிதான் தொல்லை. தாமரைப் பெயிண்ட் அங்கே எடுபடும், ஆனால் உருட்டித் தள்ள மழை வேண்டுமே! மாசி பங்குனியில் ஹோஸ் பைப்பை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.