ஞாயித்துக்கிழமை மட்டும் வராத வயித்து வலி - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயசு. லீவு முழுக்க நல்லா ஆட்டம் போட்டான், ஸ்கூல் திறந்ததுலேந்து தினமும் காலைல வயிறு வலிக்குதுன்னு ஒரே அழுகை. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வலியே வர்றதில்ல. நடிக்கிறான்னு அவங்க அப்பா திட்டுறார். எனக்கு மனசு கேக்காம சில நாள் லீவு போட விட்டேன், இப்ப முன்னவிட மோசமாயிடுச்சு. என்ன பண்றதுன்னே தெரியல மேடம். (பேர் போட வேண்டாம்)

பதில்: முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட இதப் படிச்சுக் காட்டுங்க. பையன் நடிக்கல. பயம் வந்தா உடம்புல அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், செரிமானம் மந்தமாகும், வயிறு இழுத்துப் பிடிக்கும். பெரியவங்களுக்கே இன்டர்வியூ அன்னிக்கு நாலு தடவ பாத்ரூம் ஓடத் தோணுதில்ல, அதே சமாச்சாரம் தான். "எனக்கு பதட்டமா இருக்கு"ன்னு ஏழு வயசுல சொல்ல வராது, வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தான் வரும். வலி நிஜம், காரணம் தான் வயித்துல இல்ல. ஆனா ஒண்ணு, ராத்திரி தூக்கத்துலேந்து எழுப்புற வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறையறது, இதுல எது இருந்தாலும் மனசு சம்பந்தப்பட்டதுன்னு முடிவு பண்ணாம திரும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

இப்ப லீவு விஷயம். சரி இன்னிக்கு வீட்ல இருன்னு நீங்க சொன்ன கொஞ்ச நேரத்துல வலி பறந்து போயிருக்கும், பாத்திருப்பீங்க. அந்த நிம்மதி தான் வம்பு. ஸ்கூல் ஆபத்தான இடம், போகாததால தப்பிச்சோம்னு அவன் மனசுல பதிஞ்சிடும், மறுநாள் பயம் இன்னும் ஒரு படி ஏறித் தான் நிக்கும், அதுக்குள்ள பாடம் வேற ஓடியிருக்கும், கூட்டாளிங்க புதுசா ஏதாவது விளையாட ஆரம்பிச்சிருப்பாங்க, திரும்ப உள்ள நுழையறதுக்கே கூச்சமாயிடும். அதனால வலிய நம்புங்க, லீவ மட்டும் குடுக்காதீங்க. அப்பா கறாரா இருக்கிறதுலயும் பாதி சரி, அம்மா பண்றதுலயும் பாதி சரி, ரெண்டு பாதியையும் சேத்து ரெண்டு பேரும் ஒரே பேச்சா பேசணும். ஒருத்தர் முறைச்சு ஒருத்தர் கொஞ்சினா அவன் கொஞ்சுறவங்க பக்கம் தான் ஓடி வருவான், அதுல என்ன தப்பு இருக்கு.

"ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டே இருக்காதீங்க. அது அஞ்சு நிமிஷம் தாங்கும், அப்புறம் திரும்பக் கேப்பான். "வயிறு ஒரு மாதிரி பண்ணுது, பயமாவும் இருக்கு, எனக்குத் தெரியுது. அப்படியே போயிட்டு வந்துடுவ, பெல் அடிச்சதும் கேட்டுக்கிட்ட நிப்பேன்"னு ஒரு தடவ சொன்னா போதும். சொன்னபடி கரெக்டா நிக்கணும், அது முக்கியம். விடும்போது தினமும் ஒரே மாதிரி ஒரு கட்டிப்பிடி, ஒரு டாட்டா, கிளம்பிடுங்க. அவன் பாக்காதப்ப நைசா நழுவுறது கூடவே கூடாது, அடுத்த நாள் இன்னும் இறுக்கமாப் பிடிச்சுப்பான். கிளாஸ் மிஸ்கிட்ட பேசி, வந்ததும் போர்டு அழிக்கிறது, நோட்டு எடுத்து வைக்கிறதுன்னு கைக்கு ஒரு வேல குடுக்கச் சொல்லுங்க. அழுகை பெரும்பாலும் வாசலோட நின்னுடும், நீங்க போன பிறகு எப்படி இருந்தான்னு அவங்ககிட்டயே கேளுங்க. முழு நாள் சுத்தமா முடியலன்னா ஸ்கூல்ல பேசி மொதல்ல ரெண்டு பீரியட், அப்புறம் பாதி நாள்னு ஏத்திக்கலாம், ஆனா தினமும் போகணும். எப்பவாவது நிஜமாவே உடம்பு முடியாம வீட்ல இருந்தா அந்த நேரத்துல டிவி, மொபைல் கிடையாது.

இதெல்லாம் ஒரு பக்கம், எதுக்கு பயப்படுறான்னு கண்டுபிடிக்கிறது இன்னொரு பக்கம். எதிர்ல உக்கார வெச்சு விசாரிச்சா வாய மூடிப்பான். நடந்து போகும்போது, பொம்மை வெச்சு விளையாடும்போது பேச்சுவாக்குல கேளுங்க, இல்லன்னா ஸ்கூல படமா வரையச் சொல்லி பிடிச்ச இடம் எது பிடிக்காத இடம் எதுன்னு கலர் அடிக்கச் சொல்லுங்க. பாத்ரூம் தாழ்ப்பாள், வேன்ல பக்கத்து சீட்டு, போர்டு சரியாத் தெரியாதது, எழுதி முடிக்கிறதுக்குள்ள அழிச்சிடுறது, இப்படி நமக்கு சின்னதாத் தெரியுற ஏதாவது ஒண்ணா கூட இருக்கும். யாராவது அடிக்கிறாங்க, மிரட்டுறாங்க, தொடக் கூடாத மாதிரி தொடுறாங்கன்னு தெரிஞ்சா நான் மேல சொன்ன தைரியம் குடுத்து அனுப்புற கதையெல்லாம் செல்லாது, அவன் பயப்படுறது நியாயம், நீங்க தான் நேரா போய் நிக்கணும்.

சில பசங்களுக்கு ஸ்கூல் மேல பயமே இருக்காது, வீட்ட விட்டு வர்றது தான் பயம். புதுசா தம்பி பாப்பா பிறந்திருக்கும், யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கும், அப்பா அம்மா சண்டை போட்டுட்டிருப்பாங்க, நான் இல்லாதப்ப வீட்ல ஏதாவது ஆயிடுமோன்னு அது அங்க உக்காந்து யோசிச்சிட்டிருக்கும். உங்க வீட்ல அப்படி எதுவும் இருக்கான்னு நீங்க தான் பாத்துக்கணும். இவ்வளவும் பண்ணி ஒரு மாசம் ஆகியும் குறையலன்னா, நடுவுல தூக்கம் கெட்டு, விட்ட பழக்கமா படுக்கைல ஒண்ணுக்குப் போறதெல்லாம் திரும்ப வந்துச்சுன்னா, குழந்தைங்க மனநல டாக்டரயோ சைக்காலஜிஸ்டயோ பாருங்க. மாத்திரை குடுத்துடுவாங்கன்னு பயப்படாதீங்க, இதுக்கு முதல் வைத்தியம் பேச்சும் பயிற்சியும் தான்.

கேள்வி: எங்க காலத்துல ஸ்ட்ரெஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு போட்டு அனுப்புவாங்க, நாங்க நல்லா தானே இருக்கோம்? (பேரப்பிள்ளைகளோட தாத்தா)

பதில்: நீங்க நல்லா இருக்கீங்க ஐயா, சந்தோஷம். உங்க கிளாஸ்ல பாதில நின்னு போனவங்கள கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க, படிப்பு ஏறலன்னு பேர் வெச்சாங்களே, அதுல பயந்து நின்னவங்க எத்தன பேரோ. அடி வாங்கினா வீடும் பயம் ஸ்கூலும் பயம்னு ஆயிடும், அவ்வளவு தான். நீங்க பேரப்பிள்ளைய கையப் பிடிச்சு ஸ்கூல் வரைக்கும் கொண்டு போய் விடுங்க, உங்க வேகத்துல நடந்தாலே அதுக்குப் பாதி டென்ஷன் போயிடும்.

கேள்வி: 14 வயசுப் பொண்ணு. லீவுல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து பழகிட்டா, இப்ப சீக்கிரம் படுன்னா தூக்கம் வரலங்கிறா, காலைல எழுப்பினா எரிஞ்சு விழறா, கிளாஸ்ல தூங்குறான்னு கம்ப்ளைன்ட் வேற. (ஒரு அப்பா)

பதில்: தூக்கம் வரலன்னு அவ சொல்றது பொய் இல்ல சார். வயசுக்கு வர்ற பருவத்துல தூக்கம் வர வைக்கிற மெலடோனின் சுரக்குற நேரமே ராத்திரில தள்ளிப் போயிடும், அது மேல லீவுப் பழக்கமும் சேந்துடுச்சு. ஆனா 13 வயசுலேந்து 18 வரைக்கும் 8லேந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும், அது குறைஞ்சா சின்ன விஷயமும் மலையாத் தெரியும், அந்த எரிச்சல் பாதி தூக்கக் கடன் தான். படுக்குற நேரத்தப் பிடிச்சு இழுக்காதீங்க, எழுந்திருக்கிற நேரத்த பிடிங்க. தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கட்டும், படுக்கிறத ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வாங்க. சனி ஞாயிறு ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், மத்தியானம் வரைக்கும் விட்டா திங்கக்கிழமை மறுபடி மொதல்லேந்து தான். படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மொபைல் எல்லாம் ஹால்ல சார்ஜுக்குப் போகணும், எல்லாம்னா உங்களுதும் தான். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் டெஸ்ட் மார்க் கேக்காதீங்க, பையக் கழட்டி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். மார்க்க ராத்திரி கேட்டாலும் அதே மார்க் தான்.