அடுப்படித் துணி ஏன் நாறுகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தேன். இப்போது செந்தூலில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். கைத்துடைப்பு, பாத்திரத் துணி, தரைத் துணி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பட்டுப்புடவை கேள்விகளை அந்தக் கடைக்காரர்களிடமே கேட்டுவிடுங்கள்.

செராஸ்: அக்கா, டிஷ்யூ ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பழைய துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். தினமும் துவைத்தும் இரண்டாம் நாளே நாறுகிறது. சோப்பை மாற்றட்டுமா?

சோப்பில் குறை இல்லைம்மா. மொராக்செல்லா என்றொரு பாக்டீரியா துணி நூலுக்குள் குடியிருக்கிறது. ஈரத்துணி நாற்றத்துக்கு அதுதான் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். காய்ந்தாலும் சாகாது. மறுபடி நனைந்ததும் வேலையை ஆரம்பித்துவிடும். காய்ந்த துணியில் வாசனை தெரியாது, மேசையைத் துடைத்த பிறகுதான் கை நாறும்.

இதைக் கொல்லச் சூடு வேண்டும். நம் வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் சூடாக்காத குழாய்த் தண்ணீர்தான் ஓடுகிறது. வெளிநாட்டில் 60 டிகிரியில் துவை என்பார்கள். மருத்துவமனைத் துணிக்கு 71 டிகிரியில் 25 நிமிடம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல். நமக்கு அடுப்பு இருக்கிறதே! வெள்ளைப் பருத்தித் துணிகளை வாரம் ஒருமுறை பழைய பானையில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சாயத் துணி என்றால், கை பொறுக்கும் சூட்டில் ஆக்சிஜன் வெளுப்புத் தூள் கலந்து ஒரு மணி நேரம் ஊறட்டும்.

அதன் பிறகு காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவில் துவைத்துக் கூடையில் குவிக்காதீர்கள். இங்கே மதியத்துக்கு மேல் இடி மழை வந்துவிடும், அதனால் காலையிலேயே துவையுங்கள். இன்னொரு முறை சுழற்றிப் பிழியுங்கள். மடிக்காமல் ஒற்றையாக, துணிக்குத் துணி ஒரு கை அகலம் விட்டுக் கொடியில் போடுங்கள். மழை நாளில் வீட்டுக்குள் மின்விசிறிக்கு நேரே போடுங்கள். குழாய் மேல் சுருட்டிப் போட்ட துணி மாலை வரை ஈரமாகவே கிடக்கும்.

குளோரோக்ஸ் (குளோரின் வெளுப்பு நீர்) போடுகிறவர்கள் அதோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

கெப்போங்: சாஃப்ட்னர் போடலாமா?

துடைக்கும் துணிக்கு வேண்டாம். நூலின் மேல் படிந்துகொண்டு தண்ணீரை உறிஞ்ச விடாது.

பிரிக்பீல்ட்ஸ்: வினிகர், குளோரோக்ஸ் இரண்டையும் கலந்தால் இன்னும் சுத்தமாகுமா அக்கா?

மேலே எழுதியிருக்கிறேன். கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். கதவு மூடிய குளியலறை என்றால் நினைத்தாலே பயமாக இருக்கிறது. கலக்காதீர்கள்.

அம்பாங்: குழந்தையின் துணி நாப்கினுக்கு?

முதலில் சிறுநீர் போக நன்றாக அலசுங்கள். அதற்கு முன் குளோரோக்ஸ் பட்டால் சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து அதுவும் கெட்ட வாயுதான்.

பத்துமலை, ஓய்வுபெற்ற ஐயா: தங்கச்சி, நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வெளியே வெயிலில் போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும். எதற்கு இந்தப் பானையும் தூளும்?

ஐயா, வெயில் பல கிருமிகளைக் கொல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்ன பாக்டீரியா புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துணியை எடுங்கள். ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள்.

ஸ்தாப்பாக்: ஐயா சொல்வதுதான் சரி. என் அம்மாவும் அப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் அம்மா துணியை வெந்நீரில் அவித்தாரா இல்லையா என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அவித்துத்தான் வெயிலில் போட்டார்கள். நாம் வெயிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பானையை மறந்துவிட்டோம்.

வாங்சா மாஜு: எங்கள் பிளாட்டில் வெயிலே எட்டிப் பார்க்காது. டோபி கடை டிரையரில் போட்டால்?

நல்ல யோசனை. ஆனால் நாலு கைத்துணிக்காகக் காசு போடாதீர்கள். படுக்கை விரிப்பு போடும் நாளில் இவற்றையும் சேர்த்துவிடுங்கள், மிச்சம் பிடிக்க அதுதான் வழி. துவைப்பதும் அப்படித்தான். வீட்டுத் துணியோடு சேர்ந்து போனால் தனிச் செலவே இல்லை.

செராஸ், இன்னொருவர்: துவைத்தும் நாறுகிறது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள்.

கெப்போங்: பச்சைக் கோழி பட்ட துணி?

தனியாக வையுங்கள். அன்றே அவித்துவிடுங்கள், அந்தத் துணியால் மேசையைத் துடைக்காதீர்கள்.

ஸ்ரீ பெட்டாலிங்: மைக்ரோவேவில் வைத்துக் கிருமி கொல்லலாமா?

வேண்டாம். தீப்பிடிக்கும்.

அம்பாங்: மைக்ரோஃபைபர்?

சாஃப்ட்னர், கொதிநீர், குளோரோக்ஸ் மூன்றும் ஆகாது.

பத்துமலை ஐயா: தங்கச்சி, நனைத்து முகர்ந்தேன். நாறியது. நேற்று அவித்துக் காய வைத்தேன், இன்று நாற்றமில்லை. ஆனால் மஞ்சள்தூள் கறை அப்படியே இருக்கிறது. சோப்பு போட்டால் சிவப்பாகிறது!

சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், பயப்படாதீர்கள். நன்றாக அலசி ஈரத்தோடு வெயிலில் விரித்துப் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். அந்தக் கறைக்கு உங்கள் வெயில்தான் மருந்து ஐயா.