வெள்ளி நானோ துகள்: கேள்விகளும் பதில்களும்

வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துணுக்கு, தயாரித்து, பாக்டீரியாவிலும் புற்றுநோய் செல்களிலும் சோதித்துப் பார்ப்பது என் பிழைப்பு. வந்த கேள்விகளில் சில:

கே: வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய சேதிதானே மேடம், இதில் நானோ எதற்கு?

பழைய சேதியேதான். 1880களிலேயே கிரேடே என்ற ஜெர்மன் மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் என்ற வெள்ளி உப்பின் கரைசலைச் சொட்டு விட்டுத் தொற்றைத் தடுத்தார். கொல்வது வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய வெள்ளி அணு. அது புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவின் சுவாச நொதிகளை முடக்கிவிடும். வெள்ளியைப் பொடியாக்க ஆக்க வெளிப்பரப்பு கூடும், அயனி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். நானோவால் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் துகளிலிருந்து அயனி வராது. அப்படிச் செய்த சோதனையில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சாகவே இல்லை.

கே: துகள் செய்ய இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட் கலந்தேன், பழுப்பாகிவிட்டது. பாக்டீரியா வளர்க்கும் அகர் கூழ்த் தட்டில் சிறு குழி (கிணறு) வெட்டி அதை ஊற்றினேன், சுற்றிலும் பாக்டீரியா வளராத 14 மில்லிமீட்டர் வளையமும் வந்தது. துகள்தான் கொன்றது என்று எழுதலாமா மேடம்? முதுகலை மாணவி நான்.

பொறும்மா. இலைச்சாறு சும்மா வைத்தாலே கறுக்கும். ஒளி உறிஞ்சுதலை அளக்கும் யூவி-விசிபிள் கருவியில், வெள்ளித் துகளுக்கு அடையாளமாக 400 முதல் 450 நானோமீட்டருக்குள் உச்சம் தெரிகிறதா? அடுத்தது, வினையில் சேராத வெள்ளி நைட்ரேட்டைக் கழுவி எடுத்தாயா? அகரில் அயனி சுலபமாகப் பரவும், துகள் நகரவே சிரமப்படும். அதனால் அந்த வளையம் மிச்ச நைட்ரேட்டின் வேலையாக இருக்கலாம். வெறும் சாறு, வெறும் நைட்ரேட், கழுவிய துகள் என்று மூன்றையும் ஒரே தட்டில் போடு. முதல் வருஷம் இதைச் செய்யாமல் மூன்று மாத உழைப்பைக் குப்பையில் போட்டவள் நான்.

கே: அம்மாவுக்கு மார்பகப் புற்று. கூழ்ம வெள்ளி (வெள்ளித் துகள் மிதக்கும் நீர்) குடிக்கக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். குடிக்கும் வெள்ளியால் புற்று குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோலில் படிந்து நீலச் சாம்பல் நிறமாக்கிவிடும், அந்த நிறம் பெரும்பாலும் போகாது. சில ஆன்டிபயாடிக்குகளையும் தைராய்டு மாத்திரையையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். இப்படிக் கடையில் விற்பவை பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இலேயே அறிவித்துவிட்டது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கே: புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று கட்டுரை கட்டுரையாக வருகிறதே, எல்லாம் பொய்யா?

பொய்யில்லை, பாதிக் கதை. பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்லை ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். அதே அளவில் நல்ல செல் பிழைக்கிறதா என்பதை நான் முதலில் தேடுவேன், பல கட்டுரைகளில் அந்த வரிசையே இருக்காது. அதைத் தாண்டினால் ரத்தம். உள்ளே போன துகளைப் புரதங்கள் சூழ்ந்துகொள்ளும், கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். பலவகை நானோ துகள்களை வைத்து நடந்த விலங்கு ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஊசியில் செலுத்தியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலைக் கணக்கில், 0.7 சதவீதம்!

கே: பாக்டீரியா வெள்ளிக்குப் பழகாதா?

பழகும். 1970களில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அசையாத சால்மொனெல்லா பாக்டீரியா கிடைத்தது. அதன் மரபணுக்கள் வெள்ளியை வெளியே இறைத்துத் தள்ளுபவை. ஈ.கோலை இன்னும் சாமர்த்தியம்: தன் நீந்தும் வாலில் உள்ள ஃபிளஜெல்லின் புரதத்தைச் சுரந்து துகள்களைக் கட்டிகட்டியாகத் திரள வைத்துவிடும்.

கே: அப்போ எங்கேதான் பயன்?

உடம்பின் மேற்பரப்பில். தீக்காயக் கட்டுத்துணி, நோயாளிக்குச் செருகும் குழாய்களின் பூச்சு. மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகும் குழாயில் வெள்ளி பூசிப் பார்த்து 2008-இல் வெளியான சோதனையில், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு வரும் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது.

கே: மறுபடி நான்தான் மேடம். மூன்றையும் போட்டேன். வெறும் நைட்ரேட்டுக்கும் அதே 14 மில்லிமீட்டர். கழுவிய துகளுக்கு 9.

அந்த 9-ஐ எழுது. கிணறு விட்டம் 6 என்பதையும் சேர்த்து எழுது.